கணக்கு கைமாறிப் போனால் எதை முதலில் செய்வது?

போன ஆனி மாதம், மழை விடாமல் பெய்த ஒரு சாயங்காலம். கோத்தகிரியில் என் கடைக்குப் பின் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர், குடையைக்கூட மடக்காமல் உள்ளே வந்தார். வீட்டு மாடியில் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேவாக விட்டு நடத்துபவர். "தம்பி, என் வாட்ஸ்அப் தானா வெளிய போயிடுச்சு. எதுக்கு இருபதாயிரம் கேக்கறீங்கன்னு ஒவ்வொருத்தரா போன் பண்றாங்க" என்றார். போனைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அவருடைய சித்தி மகளின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது. "அக்கா, தெரியாம உங்க நம்பருக்கு ஒரு 6 நம்பர் கோடு போயிடுச்சு, அத கொஞ்சம் அனுப்புங்க." தங்கைதானே கேட்கிறாள் என்று அனுப்பிவிட்டார். தங்கையின் கணக்கு அன்று காலையிலேயே திருடு போயிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. அந்த 6 இலக்கம்தான் இவருடைய வாட்ஸ்அப்பை இன்னொரு போனில் திறக்கும் சாவி.

ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், டிக்கெட் என்று சின்னக் கடை ஒன்று நடத்துகிறேன். சீசன் தொடங்கினால் இப்படி யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். எல்லோரும் புத்திசாலிகள். தேயிலைத் தோட்டத்தை நிர்வகிப்பவர்கள், கடை நடத்துபவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஏமாந்த பிறகு எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசை தெரியாததால்தான் பலருக்கும் இழப்பு பெரிதாகிறது. சிலர் பயந்துபோய் செய்திகளையெல்லாம் அழித்துவிடுகிறார்கள். சிலர் "காலையில பேங்க் திறக்கட்டும்" என்று படுத்துவிடுகிறார்கள். போனில் பணமும் மெயிலும் இப்போதுதான் பழகுகிறவர்களுக்காக அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

பணம் போயிருந்தால் முதலில் 1930

கணக்கிலிருந்து ஒரு ரூபாய் போயிருந்தாலும் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். 1930 என்ற எண்ணை அழையுங்கள். சைபர் நிதி மோசடிக்கென்று நாடு முழுவதற்குமான உதவி எண் இது. திருடிய பணம் உடனே ஏ.டி.எம்.மிலிருந்து வெளியே போய்விடாது. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு என்று நகர்ந்துகொண்டே இருக்கும். புகார் உள்ளே போனதும் அந்தந்த வங்கிகளுக்குத் தகவல் சென்று, பணம் நிற்கும் கணக்கில் அதை முடக்கி வைக்கப் பார்ப்பார்கள். அது கைமாறிக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் நாம் சொல்லியாக வேண்டும். அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள் என்று காவல்துறை திரும்பத் திரும்பச் சொல்கிறது.

அழைக்கும்போது கையில் இவை இருக்கட்டும்: எந்த வங்கி, எத்தனை ரூபாய், எத்தனை மணிக்கு, யு.பி.ஐ. என்றால் அதன் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், பணம் போன யு.பி.ஐ. முகவரி அல்லது கணக்கு எண். லைன் கிடைக்காமல் இழுத்தால், வீட்டில் இன்னொருவர் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதிவு செய்யத் தொடங்கட்டும். மூன்றாவது ஆள் இருந்தால் வங்கியின் அவசர எண்ணை அழைத்து கார்டையும் நெட் பேங்கிங்கையும் யு.பி.ஐ.யையும் நிறுத்தச் சொல்லட்டும். அந்த எண்ணை கூகுளில் தேடி எடுக்காதீர்கள். தேடலில் மேலே வரும் "கஸ்டமர் கேர்" எண்களில் மோசடிக்காரர்கள் வைத்ததும் இருக்கும். ஏ.டி.எம். கார்டின் பின்பக்கத்திலோ பாஸ்புக்கிலோ அச்சடித்திருக்கும் எண்ணை மட்டும் எடுங்கள்.

உடனே வங்கியிடம் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ இருந்த ஓட்டை வழியாகப் பணம் போயிருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்து 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு நம் தலையில் விழாது. 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஒரு வரம்புவரை நம் பொறுப்பு. அதற்கும் பிந்தினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. ஓ.டி.பி.யை நாமே சொல்லிவிட்டிருந்தால், புகார் சொல்லும் நிமிடம் வரை போனது நம் இழப்பு; சொன்ன பிறகு போவது வங்கியின் இழப்பு. ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் நமக்குத்தான் நஷ்டம். புகார் எண்ணை வாங்கி நேரத்தோடு எழுதி வையுங்கள்.

சிக்னல் இல்லையா, சிம் இல்லையா

அடுத்து உங்கள் போன் எண் உங்கள் கையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மெயில், வங்கி, வாட்ஸ்அப் எல்லாமே அந்த எண்ணில்தான் தொங்குகின்றன.

இங்கே மலையில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தென்மேற்குப் பருவமழையில் கரன்ட் போவதும் டவர் படுத்துவிடுவதும் நமக்குப் பழக்கம். குந்தா பக்கமோ பந்தலூர் பக்கமோ போனால் மேட்டில் ஏறி நின்றுதான் பேச வேண்டியிருக்கும். அதனால் போனில் "சேவை இல்லை" என்று வந்தால் மழைதான் காரணம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் யாரோ உங்கள் பெயரில் போலி ஆவணம் கொடுத்து உங்கள் எண்ணுக்கு வேறு சிம் வாங்கிவிட்டாலும் உங்கள் போன் இதேபோலத்தான் செத்துக் கிடக்கும். கண்டுபிடிக்கும் வழி எளிது. அதே கம்பெனி சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள். அவருக்கு வேலை செய்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், சிம்மை ஒருமுறை கழற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் அவர் போனிலிருந்தே சிம் கம்பெனிக்குப் பேசி, மாற்று சிம் எதுவும் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கொடுக்கப்பட்டிருந்தால் எண்ணை உடனே முடக்கச் சொல்லிவிட்டு வங்கிக்கும் சொல்லுங்கள்.

சிம் நன்றாக இருந்தாலும் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கலாம். "கூரியர் வந்திருக்கு, இந்த எண்ணை அழுத்துங்க" என்று நட்சத்திரக் குறியும் எண்களுமாக எதையாவது அழுத்தச் சொல்லியிருந்தால் அதுதான் நடந்திருக்கலாம். ஓ.டி.பி.யைக் குரல் அழைப்பில் கேட்டு வாங்க அவர்கள் செய்யும் வேலை இது. *#21# அழுத்தினால் திருப்பல் இருக்கிறதா என்று காட்டும். ##002# அழுத்தினால் எல்லாத் திருப்பல்களும் ரத்தாகும்.

ஏ.பி.கே. போட்டுவிட்டீர்களா?

கடவுச்சொல் மாற்ற உட்காரும் முன் இதை யோசியுங்கள். கடந்த சில நாட்களில் வாட்ஸ்அப்பில் வந்த ஏதாவது கோப்பைத் தொட்டு ஆப் ஒன்றை நிறுவினீர்களா? கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், கிசான் திட்டப் பட்டியல் என்று பல பெயர்களில் வரும். கோப்புப் பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று இருக்கும். அப்படி நிறுவியிருந்தால் அந்தப் போனில் எத்தனை முறை கடவுச்சொல்லை மாற்றினாலும் பயன் இல்லை. உங்களுக்கு வரும் எஸ்.எம்.எஸ்.களை அது திருடனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

அந்தப் போனை உடனே ஃபிளைட் மோடில் போட்டு, வைஃபையையும் அணையுங்கள். சிம்மைக் கழற்றி வீட்டில் இருக்கும் வேறு போனில் போடுங்கள். இனி வரும் ஓ.டி.பி.கள் அங்கே வரும், திருட்டு ஆப்பின் கண்ணில் படாது. மற்ற வேலைகளை அந்த இரண்டாவது போனில் செய்யுங்கள். பழைய போனில் அந்த ஆப்பை நீக்கி, படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்து, புதிதாக வாங்கிய நிலைக்குக் கொண்டுவருவது) செய்வதுதான் என் பார்வையில் பாதுகாப்பு. "ஆப்பை டெலீட் பண்ணிட்டேன், போதும்" என்று நின்றுவிடாதீர்கள். சில ஆப்கள் ஐகானை மட்டும் மறைத்துவிட்டு உள்ளேயே இருக்கும். படிப்படியாக வழிகாட்டுவதாகச் சொல்லி உங்கள் திரையைப் பார்க்கும் ஆப்பைப் போடச் சொல்லியிருந்தாலும் இதே வைத்தியம்தான்.

அப்புறம் மெயில்

பெரும்பாலோர் வாட்ஸ்அப்பையோ ஃபேஸ்புக்கையோ மீட்கத்தான் முதலில் ஓடுவார்கள். மெயிலை முதலில் பிடியுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். மற்ற எந்தக் கணக்கிலும் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் கடிதம் வருவது மெயிலுக்குத்தான். அது திருடனிடம் இருக்கும்வரை, நீங்கள் முன்வாசலில் மாற்றிய பூட்டை அவன் கொல்லைப்புறம் வழியாகத் திறந்துகொண்டிருப்பான்.

ஜிமெயிலில் உள்ளே போக முடிந்தால் நல்லது. கூகுள் கணக்கின் "பாதுகாப்பு" பகுதிக்குப் போய்க் கடவுச்சொல்லை மாற்றுங்கள். "உங்கள் சாதனங்கள்" பட்டியலில் உங்களுடையது அல்லாத எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையவைதானா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். அதன்பிறகு பலரும் விட்டுவிடும் இடம் ஒன்று இருக்கிறது: ஜிமெயில் அமைப்புகளில் "ஃபார்வர்டிங்", "ஃபில்டர்" (வரும் கடிதங்களைத் தானாகத் திருப்பிவிடும், பிரித்து வைக்கும் ஏற்பாடுகள்). கணினியில் திறந்தால்தான் இவை முழுதாகத் தெரியும். திருடன் அங்கே ஒரு ஃபில்டர் எழுதி வைத்திருந்தால், வங்கியிலிருந்து வரும் கடிதங்கள் உங்கள் கண்ணில் படாமலே அவனுக்குப் போய்க்கொண்டிருக்கும். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த ஃபில்டர் அப்படியே இருக்கும். என் கடைக்கு வந்த ஒருவருக்கு இதைத் திறந்து காட்டியபோது, அவர் அறியாத ஒரு முகவரிக்கு மூன்று வாரமாகக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் கண் முன்னாலேயே அழித்தோம்.

உள்ளே போகவே முடியவில்லையென்றால் கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போங்கள். வழக்கமாக நீங்கள் மெயில் பார்க்கும் அதே போனில், அதே வீட்டு இணைப்பில் முயற்சி செய்யுங்கள். பழக்கமான இடத்திலிருந்து வருகிறீர்களா என்பதையும் கூகுள் பார்க்கிறது. பதற்றத்தில் ஊட்டிக்கு ஓடிப்போய் யாரோ ஒருவரின் கணினியில் முயன்றால் வாய்ப்பு குறையும். பழைய கடவுச்சொல் நினைவில் இருப்பதைக் கொடுங்கள், சரியாக ஞாபகம் இல்லாவிட்டாலும் ஊகித்துக் கொடுங்கள். திருடன் மீட்பு எண்ணை மாற்றியிருந்தாலும், மாற்றிய நாளிலிருந்து 7 நாட்கள் வரை பழைய எண்ணுக்கே கோடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் கொடுக்கக்கூடும். எனவே இன்றைக்கே முயலுங்கள்.

வாட்ஸ்அப்பை மீட்பது

அந்த அக்காவுக்குச் செய்ததை அப்படியே சொல்கிறேன். அவருடைய போனிலேயே வாட்ஸ்அப்பைத் திறந்து, அவர் எண்ணைக் கொடுத்தோம். 6 இலக்கக் கோடு கேட்டது. மழையில் எஸ்.எம்.எஸ். வர நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடத்தில் அவர் பத்து முறை "திரும்ப அனுப்பு" என்பதை அழுத்தப் பார்த்தார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். திரும்பத் திரும்பக் கேட்டால் வாட்ஸ்அப் பல மணி நேரம் காத்திருக்கச் சொல்லிவிடும். கோடு வந்தது, போட்டோம். அந்த நொடியிலேயே திருடனின் போனிலிருந்து கணக்கு வெளியேறிவிடும்.

ஆனால் அடுத்த திரையில் இன்னொரு 6 இலக்க பின் (ரகசிய எண்) கேட்டது. அவர் அப்படி எதுவும் வைத்ததே இல்லை. திருடன் வைத்தது. இந்த இடத்தில் பலர் "போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். போகவில்லை. எஸ்.எம்.எஸ். கோடு போட்டதோடு அவன் வெளியே தள்ளப்பட்டுவிட்டான். பின் தெரியாததால் நாம் 7 நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஏழு நாளும் அக்கா ஹோம்ஸ்டே விருந்தினர்களிடம் சாதாரண அழைப்பில்தான் பேசினார். எட்டாம் நாள் கணக்கு திரும்பியது.

கிடைத்ததும் இரண்டு வேலை பாக்கி. "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற இடத்தில் தெரியாத கணினியோ உலாவியோ இருந்தால் வெளியேற்றுங்கள். "இரண்டு படிச் சரிபார்ப்பு" என்ற இடத்தில் உங்கள் பின்னை நீங்களே வையுங்கள், மீட்பு மெயிலையும் கொடுங்கள். அந்த பின் முன்பே இருந்திருந்தால், 6 இலக்கக் கோடு கையில் கிடைத்தும் திருடனால் உள்ளே வந்திருக்க முடியாது. இரண்டு நிமிட வேலை. இதைப் படித்து முடித்ததும் போனை எடுத்து முதலில் இதைச் செய்யுங்கள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் மீட்பு முகவரி ஒரே மாதிரிதான்: தளத்தின் பெயருக்குப் பின் சாய்கோடு போட்டு "ஹேக்ட்" (hacked) என்று எழுதினால் வழி காட்டும். மெயில் முகவரி மாற்றப்பட்டதாக இன்ஸ்டாகிராமிலிருந்து வந்த கடிதம் பழைய மெயிலில் இருந்தால், அதிலிருந்தே மாற்றத்தைத் திரும்பப்பெற முடியும். இதற்கும் மெயில் நம் கையில் இருந்தாக வேண்டும்.

ஊருக்குச் சொல்வதும் போலீசுக்குச் சொல்வதும்

திருடு போன கணக்கிலிருந்தே எச்சரிக்கை போட முயலாதீர்கள். போனை எடுத்துப் பேசுங்கள். முதலில் வயதானவர்களுக்கும், கேட்டால் கேள்வி கேட்காமல் பணம் அனுப்பிவிடும் சொந்தக்காரர்களுக்கும். அக்கா அன்று அழைத்த முதல் ஆள் அவருடைய மாமியார். அவர் ஏற்கனவே பேரனைக் கூப்பிட்டு ஜிபேயைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆதாரம் எதையும் அழிக்காதீர்கள். செய்தி, எண், லிங்க், பணம் போன விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நம் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையம் ஊட்டியில் இருக்கிறது. கூடலூரிலிருந்து அவ்வளவு தூரம் உடனே போக முடியாதென்றால், 1930-க்கும் இணையதளத்துக்கும் சொல்லிவிட்டு அருகில் இருக்கும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று தெளிவாகவே இருக்கிறது.

இன்னொன்று. பணம் போனவர்களைத் தேடி இரண்டாவது கும்பல் வரும். "உங்க பணம் பிடிபட்டுடுச்சு, ரிலீஸ் பண்ண கட்டணம் கட்டுங்க" என்பார்கள். அரசாங்க முத்திரையோடு கடிதம்கூட அனுப்புவார்கள். பணத்தை மீட்டுத் தரப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் மோசடிதான்.

நம் ஊருக்கு வரும் தூண்டில்கள்

மீனுக்குத் தக்க இரையைத்தான் தூண்டிலில் மாட்டுவார்கள். மலையில் நம் பிழைப்பு எதுவோ அதையே இரையாக வைக்கிறார்கள்.

ஹோம்ஸ்டே, வாடகை வீடு வைத்திருப்பவர்களுக்கு வருவது ராணுவ அதிகாரி வேடம். "வெலிங்டனுக்கு மாற்றலாகி வரேன், குடும்பத்தோட நாலு நாள் ரூம் வேணும்" என்பார். வெலிங்டனில் ராணுவப் பணியாளர் கல்லூரியும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் இருப்பதால் நமக்குச் சந்தேகமே வராது. அடையாள அட்டை, சீருடைப் படம் எல்லாம் அனுப்புவார். விலை பேசவே மாட்டார். பிறகு, "எங்க ஆபீஸ் முறைப்படி அட்வான்ஸ் அனுப்பணும், நான் அனுப்பற க்யூ.ஆரை ஸ்கேன் பண்ணி உங்க பின்னைப் போடுங்க, பணம் வந்துடும்" என்பார். இந்த வாக்கியத்தோடு அழைப்பைத் துண்டித்துவிடலாம். யு.பி.ஐ.யில் பணம் வாங்க பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் வெளியே போகிறது என்றுதான் அர்த்தம். முறையான விருந்தினருக்கு உங்கள் கணக்கு விவரமோ உங்கள் க்யூ.ஆரோ போதும்.

சீசனில் விருந்தினர்கள் நம்மிடம் கேட்பது இ-பாஸ், அதாவது மலைக்கு வண்டியில் வர இணையத்தில் வாங்கும் அனுமதி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இது வந்தது. அதற்குக் கட்டணம் கிடையாது. இ-பாஸுக்குப் பணம் கேட்கும் தளமோ ஏஜென்டோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மலை ரயில் டிக்கெட்டிலும் இதே எச்சரிக்கை வேண்டும். "கன்ஃபர்ம் பண்ணித் தரேன்" என்று வாட்ஸ்அப்பில் வருபவரை நம்பி கார்டு எண் கொடுக்க வேண்டாம்.

தேயிலை விவசாயிகளின் குழுக்களில் வருவது வேறு. பச்சைத் தேயிலை விலை என்ன, மானியம் யாருக்கு வந்தது என்று எல்லோரும் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கும் குழுவில், தெரிந்தவர் பெயரிலேயே "பயனாளிகள் பட்டியல்" என்று ஒரு கோப்பு விழும். அனுப்பியவர் பக்கத்து ஹட்டிக்காரராக (ஹட்டி என்றால் படுகர் ஊர்) இருப்பார், ஆனால் அவர் போன் அவர் கையில் இல்லாமல் இருக்கும். பட்டியல் என்றால் அது பி.டி.எஃப்.ஆகவோ படமாகவோ இருக்க வேண்டும். ஏ.பி.கே. ஆக இருந்தால் தொடாதீர்கள். அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஒரு நிமிட போன் பேச்சு குழுவில் இருக்கும் அத்தனை பேரையும் காப்பாற்றும்.

"இன்று இரவு 9.30-க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்ற செய்தி மழைக்காலத்தில் நம்மை ரொம்பவே பயமுறுத்தும். அதில் இருக்கும் 10 இலக்க எண்ணை அழைக்காதீர்கள். பில் பாக்கி இருக்கிறதா என்று மின்வாரியத் தளத்தில் உங்கள் இணைப்பு எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். வீடியோவில் போலீஸ் உடையில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டினால், நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்து அணைத்துவிடுங்கள்.

லிங்க்கைப் படிக்கும் முறை

இதைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறது என்று பாருங்கள். அதற்கு இடப்பக்கம் ஒட்டி இருக்கும் கடைசித் துண்டுகள்தான் உண்மையான உரிமையாளர் பெயர். அதற்கு முன்னால் எத்தனை நல்ல பெயர்கள் இருந்தாலும் கணக்கில்லை. நம் வீட்டு வாசலில் "கவர்னர் மாளிகை" என்று பலகை மாட்டினால் அது கவர்னர் மாளிகை ஆகிவிடாது, அது எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். அதுபோல, நடுவில் "பரிவாஹன்" (அரசின் போக்குவரத்துத் தளத்தின் பெயர்), "கவ்" என்றெல்லாம் வந்து, சாய்கோட்டுக்கு முன் "டாட் டாப்" என்றோ "டாட் எக்ஸ்.ஒய்.இசட்." என்றோ முடிந்தால் அது அரசுத் தளம் இல்லை.

"டாட் கவ் டாட் இன்" என்று முடியும் முகவரியை அரசைத் தவிர யாரும் வாங்க முடியாது. வங்கிகளை 2025 அக்டோபர் 31-க்குள் "டாட் பேங்க் டாட் இன்" முகவரிக்கு மாறச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது, ஆகவே வங்கித் தளத்துக்கு அதுவே நல்ல அடையாளம். இதில் குழப்பம் தந்தது நம் இ-பாஸ் தளம்தான். 2024-இல் தொடங்கியபோது அது "கவ்" என்று முடியாமல், தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் "டி.என்.இ.ஜி.ஏ. டாட் ஓ.ஆர்.ஜி." என்று முடிந்தது. அதனால் விருந்தினருக்கு லிங்க் கொடுக்கும்போது நீங்களே ஒருமுறை திறந்து பார்த்து, சரியான முகவரியைச் சேமித்து வைத்து அதையே அனுப்புங்கள்.

எஸ்.எம்.எஸ். அனுப்பியவர் பெயரின் கடைசியில் ஒரு எழுத்து வருவதையும் கவனியுங்கள். அரசுச் செய்திக்கு "ஜி", விளம்பரத்துக்கு "பி", சேவைக்கு "எஸ்", பரிவர்த்தனைக்கு "டி". 2025 மே மாதத்திலிருந்து இந்த முறை இருக்கிறது. சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து அபராதமோ மின்வெட்டோ வந்தால் அது அரசுச் செய்தி அல்ல.

மழைக்காலத்துக்கு முன் செய்து வைப்பது

எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.யை மட்டும் நம்பி இருப்பது நம் ஊருக்குச் சரிப்படாது. டவர் விழுந்த இரவில் உங்கள் சொந்தக் கணக்குக்குள் நீங்களே போக முடியாது. ஆதென்டிகேட்டர் ஆப் ஒன்று போட்டு மெயிலோடு இணைத்துக்கொள்ளுங்கள். அது 30 விநாடிக்கு ஒருமுறை போனுக்குள்ளேயே புதுக் கோடு உருவாக்கும், சிக்னலே தேவையில்லை. கோடநாடு போகும் வழியில் ஒரு புள்ளி சிக்னல்கூட இல்லாத இடத்திலும் கோடு காட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

மெயிலுக்கு ஒரு கடவுச்சொல், வங்கிக்கு ஒன்று, மற்றவற்றுக்கு வேறு. ஒன்றையே எல்லா இடத்திலும் போட்டிருந்தால், ஏதோ ஒரு சின்ன ஷாப்பிங் தளத்தில் கசிந்தது உங்கள் மெயிலைத் திறக்கும். நீளமாக வையுங்கள். தொடர்பே இல்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம். பிள்ளைகள் பெயரும் பிறந்த வருடமும் வேண்டாம், அவை உங்கள் ஃபேஸ்புக்கிலேயே இருக்கின்றன.

உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே "என்னுடையது அல்ல" என்று சொல்லிவிடலாம். தொலைந்த போனை முடக்கவும் அதே தளம்தான்.

யு.பி.ஐ.க்கு என்று தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்து, அதில் மாதச் செலவுக்கான பணத்தை மட்டும் வையுங்கள் என்று கடைக்கு வரும் எல்லோரிடமும் சொல்கிறேன். தேயிலைப் பணமோ பென்ஷனோ விழும் கணக்கைப் போனோடு இணைக்காமலே வைத்திருக்கலாம். ஏமாந்தாலும் போவது அந்தச் சின்னக் கணக்கில் இருப்பது மட்டும்தான்.

பெற்றோர் போனில் இதையெல்லாம் நீங்கள்தான் உட்கார்ந்து செய்து கொடுக்க வேண்டும். கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வாட்ஸ்அப் பின் போடுங்கள், தெரியாத ஆப்களை நிறுவும் அனுமதியை அணையுங்கள், 1930-ஐ "அவசரம்" என்ற பெயரில் சேமித்து வையுங்கள். "யாராவது ஓ.டி.பி. கேட்டா எனக்குப் போன் பண்ணிட்டு அப்புறம் சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் அப்படி அழைக்கும்போது வேலையில் இருந்தாலும் எடுங்கள். எப்போதாவது ஏமாந்துவிட்டதாகச் சொன்னால் திட்டாதீர்கள். திட்டு விழும் என்ற பயத்தில் மறைத்து வைத்த இரண்டு நாளில் மொத்தச் சேமிப்பையும் இழந்தவர்களை இந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு தாள். கூகுள் கணக்கில் "பேக்கப் கோடுகள்" என்ற இடத்தில் 10 கோடுகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் பயன்படும். போன் தொலைந்தாலும் இவற்றை வைத்து மெயிலுக்குள் போகலாம். அவற்றைக் கையால் எழுதுங்கள், கீழே 1930, வங்கியின் அவசர எண், சிம் கம்பெனியின் எண் மூன்றையும் எழுதுங்கள். கடவுச்சொல்லை அதே தாளில் எழுத வேண்டாம். ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். ஆடி மாதம் முடிவதற்குள் நம் ஊரில் பீரோவுக்குள் இருக்கும் தாளிலும் ஈரம் ஏறிவிடும், எழுத்து கரைந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.